செலொப்பியாத்தின் குமாரத்திகளும் நம் வீட்டுப் பத்திரமும்



வேதபாட வகுப்பில் ரோமர் 8:17ஐ வாசிக்கும்போது, இங்கே பேர்லினில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 'சுதந்தரர்' என்ற சொல்லைப் பெரும்பாலும் 'சுதந்திரர்' என்று வாசித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுத்தில் சிறு வித்தியாசம்தான். ஆனால் பொருள் முற்றிலும் வேறு. சுதந்திரம் என்றால் ஜெர்மன் மொழியில் ஃப்ரைஹைட். சுதந்தரம் என்றால் எர்ப, அதாவது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற உரிமைச் சொத்து. வேதாகமத்துக்கு வெளியே இந்தச் சொல்லை இப்போது யாரும் புழங்குவதில்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 'பங்கு' என்போம், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் 'முதுசம்' என்பார்கள். சபையில் பாட்டிலும் ஜெபத்திலும் 'பரலோக சுதந்தரம்' என்று நூறு முறை சொல்கிறோம். பூலோக சுதந்தரத்தைப் பற்றி மட்டும் பிரசங்க பீடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். ஆதியாகமத்தில் ஏசா இரண்டு தனித்தனிக் காரியங்களை இழக்கிறான். 25ஆம் அதிகாரத்தில் பயற்றங்கூழுக்கு விற்றது சேஷ்டபுத்திரபாகம். அது கணக்குள்ள சொத்து. மூத்தவனுக்கு இரண்டு பங்கு என்று உபாகமம் 21:17 அளந்து சொல்கிறது. 27ஆம் அதிகாரத்தில் பறிபோனது ஆசீர்வாதம். அது தகப்பன் வாயிலிருந்து வரும் வார்த்தை. இரண்டையும் வாங்கிக்கொண்ட யாக்கோபு கையில் ஒரு கோலோடு ஊரைவிட்டு ஓடி, லாபானின் வீட்டில் இருபது வருஷம் வேலைக்காரனாக இருந்தான். ஆசீர்வாதம் வேறு, சொத்து வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் இவை இரண்டையும் ஒரு விசித்திரமான முறையில் பிரித்து வைத்திருக்கிறோம். கலியாணத்தன்று மகளின் தலைமேல் கைவைத்து அப்பா கண்ணீரோடு ஜெபிக்கிறார். பத்திரம் மகன் பெயரில் எழுதப்படுகிறது. ஆணுக்குச் சொத்து, பெண்ணுக்கு ஆசீர்வாதம்.

விசுவாசத்துக்காகச் சுதந்தரத்தை இழந்தவர்களின் கதையை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நொய்கெல்னில் கார்ல் மார்க்ஸ் வீதியின் சத்தத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ரிஹார்ட்பிளாட்ஸ் வரும். அதை ஒட்டியுள்ள சந்துகளில் களஞ்சியமும் முற்றமும் வைத்த தாழ்வான பழைய வீடுகள் நிற்கின்றன. பொஹீமியக் கிராமம் என்று அதற்குப் பெயர். இன்றைய செக் நாட்டில் 1620இல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்தாந்தர் தோற்றார்கள். 1627இல் வந்த புதிய அரசியல் சட்டம் கத்தோலிக்க மார்க்கத்துக்கு மட்டுமே இடம் தந்தது. பிரபுக்களும் நகரத்தாரும் மதம் மாறவேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். பண்ணையடிமைகளான உழவர்களுக்குப் போகவும் அனுமதி இல்லை. அவர்கள் நூறு வருஷம் வேதாகமத்தை ஒளித்துவைத்து வாசித்தார்கள். பிறகு வீட்டையும் வயலையும் விட்டு இரவோடிரவாக எல்லை தாண்டினார்கள். அப்படி வந்தவர்களில் 18 குடும்பங்களுக்கு 1737இல் பிரஷ்ய ராஜா முதலாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் இங்கே, அப்போது ரிக்ஸ்டோர்ஃப் என்று அழைக்கப்பட்ட கிராமத்தில், வீடும் நிலமும் கொடுத்தார். (ராஜா பெரிய பரிசுத்தவான் அல்ல. அவருக்கு உழவர்களும் வரியும் வேண்டியிருந்தன.) 1912இல், ரிக்ஸ்டோர்ஃப் நொய்கெல்ன் என்று பெயர் மாறிய அதே வருஷத்தில், அவர்களுடைய சந்ததியார் அவருக்கு நன்றியாக ஒரு சிலை வைத்தார்கள். கிர்ஷ்காஸவில் அது இன்னும் நிற்கிறது.

இவர்களில் ஒரு பகுதியினர் ஹெர்ன்ஹூட் சகோதர சபையார். அந்தச் சபையின் சகோதரர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். அது வேறொரு இதழுக்கான கதை.

தேசம் விட்டவர்களுக்கு ராஜா நிலம் கொடுத்தார். நம் முன்னோர் தேசத்தை விடவில்லை, தெருவைக்கூட விடவில்லை. ஆனாலும் ஞானஸ்நானம் பெற்ற அன்றே பலர் சொத்தை இழந்தார்கள். சாதியிலிருந்து தள்ளப்பட்டவனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்பது அன்றைய வழக்கம். உயிரோடிருக்கும் மகனுக்குக் கருமாதி செய்த வீடுகளைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1850இல் டல்ஹௌசி காலத்தில் வந்த 21ஆம் எண் சட்டம் இதை நிறுத்தியது. மதம் மாறியதாலோ சாதி இழந்ததாலோ ஒருவருடைய சொத்துரிமை பறிபோகாது என்று அது சொன்னது. அதை எதிர்த்துக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் விண்ணப்பங்கள் போயின.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கிறிஸ்தவனுக்கு வாரிசுச் சட்டம் எது? அந்தக் கேள்வியை லண்டன் வரை இழுத்துப்போனது, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் ஒரு குடும்பம். மத்தேயு ஆபிரகாம் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், புராட்டஸ்தாந்து கிறிஸ்தவர். கடையும் சாராயக் குத்தகையுமாகப் பெரும் செல்வம் சேர்த்தார். (சாராயம்தான். நம் சபைச் சரித்திரத்தில் இப்படியும் உண்டு.) மனைவி சார்லட் ஆங்கிலோ இந்தியப் பெண். 1842இல் மத்தேயு உயில் எழுதாமல் மரித்தார். தம்பி பிரான்சிஸ், நாங்கள் இந்து முறைப்படி பிரியாத குடும்பம், ஆகையால் எனக்குப் பங்கு உண்டு என்றார். விதவை சார்லட், நாங்கள் கிறிஸ்தவர்கள், அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்றார். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: மதம் மாறியவன் பழைய சட்டத்தால் கட்டுண்டவன் அல்ல, அவன் விரும்பினால் பழைய வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் விட்டுவிடலாம், எது என்பதை அவன் வாழ்ந்த விதமே காட்டும்.

இரண்டே வருஷத்தில், 1865இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருக்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுதான் தாய். உயில் இல்லாமல் மரித்த கிறிஸ்தவனின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் அதில் பேதமே இல்லை. திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் உள்ள கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சட்டப்படி சமபங்கு கிடைத்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிடைத்தது சட்டத்தில் என்பதைக் கவனியுங்கள். வயலில் கிடைத்ததா என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குமரி மாவட்டத்துக்கு அதுகூட வரவில்லை. 1956 நவம்பர் 1 வரை குமரி திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதி. அங்கே 1806 முதல் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே ஊழியம் செய்தார். பின்னால் வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்பிள்ளைகள் லேஸ் காசு சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். தோள்சீலைக்காக எங்கள் பாட்டிமார் அடிபட்டார்கள். 1859இல் அதற்கு ஆணை கிடைத்தது. இவ்வளவு நடந்த மண்ணில், 1916இல், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று என்றாலோ, கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று என்றாலோ அதுவும் இல்லை. விதவைக்கு நிலத்தில் ஆயுள் அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. இதில் ஒரு விசேஷம் உண்டு. கொல்லம், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலான தாலுகாக்களில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில புராட்டஸ்தாந்தருக்கும் லத்தீன் கத்தோலிக்கருக்கும் இந்த விதி பொருந்தாது என்று அதே சட்டம் விலக்களித்தது. சமமாகப் பங்கிட்ட விசுவாசிகள் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். அதை எல்லாருக்கும் பொதுவாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதை உடைத்தவர் மேரி ராய். சிரியன் கிறிஸ்தவர், கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். தகப்பனுடைய ஊட்டி வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருந்தவரை வெளியேற்றப் பார்த்தவர் அவருடைய சொந்தச் சகோதரன். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர் பகுதியிலும் செல்லும், 1916ஆம் ஆண்டுச் சட்டம் அன்றே செத்துவிட்டது என்றார்கள் நீதிபதிகள். இதே கேள்வி குமரி மாவட்ட வழக்குகளாக 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, அங்கே நீதிபதிகள் ஒருவருக்கொருவர் மாறுபட்டிருந்தார்கள். ஆகவே மேரி ராயின் தீர்ப்பு கேரளத்துப் பெண்களுக்கு மட்டுமல்ல, நாகர்கோவில், மார்த்தாண்டம் பெண்களுக்கும் சமபங்கு வாங்கிக்கொடுத்தது. கேரளத்துச் சபைகளில் சந்தோஷம் பொங்கியதா? எதிர்ப்புதான் பொங்கியது. மகளுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதிவைக்கும் பழக்கம் பெருகியது. மேரி ராய் 2022இல் மரித்தார்.

நம் சபையின் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமை, கிறிஸ்தவர், சைவர் என்று பாராமல் யாழ்ப்பாணத் தமிழர் எல்லாரையும் கட்டியது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாக வகுத்தது. அங்கே மகளுக்குத்தான் வீடும் வளவும் சீதனமாகப் போகும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சீதனம் வாங்கியவளுக்குத் தாய் தகப்பன் சொத்தில் மேற்கொண்டு உரிமை இல்லை என்பது பழைய விதி. அந்த வீட்டை அவள் விற்கவேண்டுமானால் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது சட்டம். பெயர் அவளுடையது, பேனா அவருடையது.

இனி வேதத்துக்கு வருவோம். எண்ணாகமம் 27இல் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து சகோதரிகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நிற்கிறார்கள். தகப்பன் செலொப்பியாத் மரித்துவிட்டான், குமாரன் இல்லை. எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே கையில் அதற்குச் சட்டம் இல்லை. அவர்களைக் கடிந்து அனுப்பாமல், வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் சொல்கிறார். வேதாகமத்தில் நடந்த வழக்குகளில் இவ்வளவு நேரடியாக வாதிகளின் பக்கம் தீர்ந்தது வேறு எது என்று தேடிப் பாருங்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அந்தச் சட்டம் குமாரன் இல்லாத வீட்டுக்குத்தான். 36ஆம் அதிகாரத்தில் வம்சத் தலைவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் கலியாணம் செய்தால் நிலம் போய்விடுமே என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. ஆகையால் சகோதரன் உள்ள மகளுக்குப் பங்கில்லை என்று எழுத்தைப் பிடித்து வாதாடுகிறவருக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் யோபு 42:15ஐயும் சேர்த்து வாசிக்கட்டும். யோபுவுக்கு ஏழு குமாரர் இருந்தார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே அவர் எமீமாளுக்கும் கெத்சீயாளுக்கும் கேரேனாப்புக்குக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். அந்த அதிகாரத்தில் குமாரத்திகளின் பெயர்கள் இருக்கின்றன, குமாரரின் பெயர்கள் இல்லை. புதிய ஏற்பாட்டில் கலாத்தியர் 3:28, 29 ஆணையும் பெண்ணையும் ஒரே வாக்குத்தத்தத்தின் சுதந்தரராக்குகிறது. 1 பேதுரு 3:7 இன்னும் கடுமையானது. மனைவியை உடன் சுதந்தரவாளியாக மதிக்காத புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று அப்போஸ்தலன் எச்சரிக்கிறார்.

கிறிஸ்தவன் சொத்துக்காகச் சண்டை போடலாமா என்று கேட்பார்கள். லூக்கா 12இல் சகோதரனிடமிருந்து பங்கு வாங்கித் தரும்படி கேட்டவனுக்கு இயேசு பங்கிட மறுத்துவிட்டாரே என்பார்கள். உண்மை. உடனே அவர் பொருளாசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையைச் சொன்னார். அந்த எச்சரிப்பு பங்கு கேட்கிறவளுக்கு மட்டும் என்றும், பங்கைப் பிடித்து வைத்திருக்கிறவனுக்கு இல்லை என்றும் எங்கே எழுதியிருக்கிறது? இந்த வசனத்தை நாங்கள் கேட்ட இடங்களில் எல்லாம், அதைச் சொன்னவர் கையில்தான் பத்திரம் இருந்தது.

செவிலியராக இந்த ஊரில் வேலைசெய்யும் எங்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. முதல் சம்பளத்திலிருந்து ஊருக்குப் பணம் போகிறது. கான்கிரீட் போட, கிணறு வெட்ட, தம்பியின் படிப்புக்கு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு. இரவு வேலைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் காசும் அதில்தான் போகும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை; சந்தோஷமாகத்தான் கொடுக்கிறோம். பிறகு ஒரு நாள் அண்ணனிடமிருந்து போன் வரும். "ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு, பாப்பா." தூதரகத்தில் வைத்துப் பவர் எழுதி அனுப்பவேண்டும், அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும். அதை வைத்து ஊரில் பதிவாவது விடுதலைப் பத்திரம். ஒரு மகள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு நம் தமிழ் வைத்திருக்கும் பெயர் அது. சுதந்தரத்தைச் சுதந்திரம் என்று வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறோம். பத்திர ஆபீசில் பெரியவர்களும் கிட்டத்தட்ட அதையே செய்கிறார்கள்.

விட்டுக்கொடுப்பது பாவம் என்று சொல்லவில்லை. நோய்வாய்ப்பட்ட பெற்றோரைப் பத்து வருஷம் பார்த்த அண்ணிக்கு வீடு போவதுதான் நியாயம் என்று மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த சகோதரிகள் நம் சபையில் இருக்கிறார்கள். அது கொடை. ஆனால் தனக்கு உரிமை உண்டு என்பதே தெரியாமல் போடும் கையெழுத்து கொடை ஆகாது. ஏசாவாவது கூழைக் குடித்தான்.

இங்கே பிறந்த தம்பி தங்கைமாருக்கு ஒரு தகவல். ஜெர்மன் சிவில் சட்டம் 1900 முதல் பிள்ளைகளுக்குச் சமபங்கு வைத்திருக்கிறது. உயிலில் ஒரு பிள்ளையை ஒதுக்கினாலும், சட்டப்படி வரவேண்டிய பங்கின் பாதி மதிப்பைப் பணமாகக் கேட்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பிளிஷ்டைல் என்பது அதுதான். 2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய விதிப்படி, ஒருவர் வழக்கமாக எந்த நாட்டில் வாழ்ந்து மரிக்கிறாரோ அந்த நாட்டின் சட்டமே பொதுவாக அவருடைய சொத்துக்குச் செல்லும். ஆகவே நொய்கெல்னில் வாழும் தமிழ் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு ஜெர்மன் சட்டம். அவருடைய நாகர்கோவில் தோட்டத்தைப் பற்றி இந்திய நீதிமன்றம் இந்தியச் சட்டத்தைத்தான் பார்க்கும். அப்பா அம்மா நல்ல சுகத்தோடு இருக்கும்போதே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பேசத் தொடங்குகிற குடும்பங்களைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அங்கே நல்ல வார்த்தை வருவதில்லை.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் வாக்கோடு நின்றுவிடவில்லை. மோசே மரித்து, யோர்தானைக் கடந்த பிறகு, யோசுவா 17இல் மறுபடியும் வந்து, கர்த்தர் சொன்னதை நினைப்பூட்டி, நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். அதனால் மனாசே கோத்திரத்துக்கு யோர்தானுக்கு இப்புறத்தில் பத்துப் பங்கு விழுந்தது என்று அங்கே கணக்கும் இருக்கிறது. 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் சமாரியாவில் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்த ஊரிலிருந்து எவ்வளவு பழைய திராட்சரசம், எவ்வளவு சுத்தமான எண்ணெய் அரண்மனைக்கு வந்தது என்ற வரவுச் சீட்டுகள் அவை. அவற்றில் மனாசேயின் நாட்டுப்புறப் பகுதிகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அபியேசர், ஏலேக், சீகேம், செமீதா என்று ஆண்களின் பெயர்கள். அவற்றோடு நோவாள், ஒக்லாள்.